பதினைந்து கிலோ

நவம்பர், விடிய நாலேகால்.
பாசலில் மழை விட்டுவிட்டது,
தண்டவாளங்கள் மட்டும் இன்னும் ஈரம்.
கிளாரா சதுக்கத்தில் திரும்புகையில்
சைக்கிளின் முன்சக்கரம்
ட்ராம் பாதையின் பள்ளத்துக்குள் இறங்கி
அங்கேயே இருந்துவிட்டது.
நான் இருக்கவில்லை.

விழுந்த சத்தத்தைவிட
உள்ளே கேட்ட சத்தம் சின்னது:
காய்ந்த பாணை இரண்டாய் முறிப்பதுபோல்.
பேக்கரியில் வேலை செய்பவளுக்கு
அது என்ன சத்தமென்று தெரியும்.

இடுப்புக் கிண்ணம், என்றார் டாக்டர் ஹெஃப்லிகர்.
திரையில் தொடையெலும்பின் உருண்டைத் தலை
ஒன்றும் நடக்காததுபோல் குந்தியிருந்தது.
அதைத் தாங்கும் கிண்ணத்தில்
விளிம்பிலிருந்து உள்ளே
மயிரளவு கோடு ஒன்று ஓடியது.
முன்பென்றால் திறந்திருப்போம், என்று
பேனாவால் காற்றில் கீறிக் காட்டினார்.
கீறியது நீண்டு நீண்டு
கட்டில் சட்டத்தில் முட்டித்தான் நின்றது.
இப்போது மூன்று ஓட்டை போதும், என்றார்.
உங்கள் சட்டையின் பொத்தான் ஓட்டையளவு.

மயங்குமுன் கடைசியாய்ப் பார்த்தது
மேசையை வளைத்துப் பிடித்திருந்த எக்ஸ்ரே இயந்திரம்,
ஈய உடுப்பில் ஆறு பேர்.
அதிலொருவர் கொட்டாவி விட்டார்.
அது ஏனோ ஆறுதலாயிருந்தது.
பயப்பட ஏதாவது இருந்தால்
மனிதருக்குக் கொட்டாவி வருமா?

முறிந்த எலும்பை
யாரும் கண்ணால் பார்க்கவேயில்லையாம்.
நிழலைப் பார்த்து ஒரு கம்பியை அனுப்பி
மறுபடி நிழலைப் பார்த்து
கம்பியின் வழியே திருகாணியை அனுப்பி.
பதினொரு சென்டிமீட்டர் டைட்டேனியம்.
இந்தப் பக்கம் நரம்பு, அந்தப் பக்கம் மூட்டு,
நடுவே பென்சில் போகுமளவு பாதை.
அவ்வளவு பெரிய பிரயாணத்துக்கு
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

காப்புறுதிக்காரர் வந்தார், ஹெர் ட்ஷூடி.
கதிரையை இழுத்துப்போட்டு
எப்போது வேலைக்குத் திரும்புவீர்கள், என்றார்.
பிளாஸ்டர் மாற்றிக்கொண்டிருந்த தாதி
சற்று விலகி நின்றாள்.
மூன்று புள்ளிகள்.
நுளம்பு கடித்துச் சொறிந்தால்கூட
இதைவிடப் பெரிதாய்த் தழும்பும்.
"இவ்வளவுதானா?" என்றார். கெட்ட மனிதரில்லை,
வாயில் வந்துவிட்டது.

தொண்ணூற்றெட்டில் ஓர் அலுவலகத்தில்
சத்தியரூபனின் முதுகை
அடிமட்டம் வைத்து அளந்தார்கள்.
நாலு சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டார்கள்.
போதாதென்று கடிதம் வந்தது.
இரண்டாம் முறைதான் நம்பினார்கள்.
இந்த ஊரில் காயத்துக்கு
எந்த அளவு சரியென்று
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
சின்னக் காயம் வைத்துத் தந்ததற்கு
டாக்டருக்கு நன்றி சொல்லவும் வேண்டும்,
ட்ஷூடிக்கு முன்னால்
அதைக் கொஞ்சம் பெரிதாய் முனகவும் வேண்டும்.

லூக்கா என்ற பையன் வந்தான்,
நடக்கப் பழக்குபவன்.
குளியலறைத் தராசொன்றைத் தரையில் வைத்தான்.
அடிபட்ட காலுக்குப் பதினைந்து கிலோ,
எட்டு வாரத்துக்கு அதற்குமேல் ஒரு கிராம்கூட இல்லை.
பதினைந்து கிலோ எவ்வளவென்று தெரியுமா, என்றான்.
தெரியாமலென்ன.
கிப்ஃபெலி மாவுத் தொட்டி ஒன்று.
தினம் முப்பது தரம் தூக்குவேன்.

கைக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை.
வைத்தேன்: முப்பத்தொன்று.
பதறி எடுத்து வைத்தேன்: ஆறு.
தொட்டிலில் கிடக்கும் பிள்ளைமேல்
போர்வையை இறக்குவதுபோல் இறக்கினேன்.
பன்னிரண்டு. பதினேழு.
வெளியே பதினாலாம் நம்பர் ட்ராம்
வளைவில் கிரீச்சிட்டுத் திரும்பியது.
கால் உதறி இருபத்துநாலு காட்டியது.

மறுபடி.
முள் நடுங்கி நடுங்கிப்
பதினைந்தில் நின்றது.
அப்படியே, என்றான் லூக்கா.
அப்படியே நின்றேன்.
மிச்சம் ஐம்பத்துமூன்று கிலோவை
எங்கே வைப்பதென்று
இந்த இரண்டு ஊன்றுகோல்களிடமும்
இனித்தான் பேச வேண்டும்.